இன்ஜின் மாற்றப் போகும் தம்பிக்கு: மவுண்டிங் தேர்வுக்குப் பதினைந்து அறிவுரைகள்

பழைய ஹோண்டா சிவிக் ஹேட்ச்பேக்கை வாங்கி, அதில் இன்னும் வலுவான இன்ஜினை ஏற்ற வேண்டும் என்ற ஆசையோடு ஒர்க்‌ஷாப்புக்கு வரும் தம்பி தங்கைகள் முதலில் கேட்பது குதிரைத்திறன். அடுத்தது விலை. மவுண்டிங்கைப் பற்றிக் கேட்பவர்கள் மிகக் குறைவு. இன்ஜின் கிரேனில் தொங்கும்போதுதான் பலருக்கு அந்த நினைப்பே வருகிறது. அந்த அவசரத்தில் கையில் கிடைத்ததைப் பூட்டுகிறார்கள். கிடைக்காததை வெல்டிங் வைத்து ஒப்பேற்றுகிறார்கள். நல்ல இன்ஜினும் நல்ல காரும் அதோடு கெட்டுப்போகின்றன.

இன்ஜின் எந்த இடத்தில், எந்த உயரத்தில், எந்தச் சாய்வில் உட்காரும் என்பதை முடிவு செய்வது மவுண்டிங். டிரைவ் ஷாஃப்ட்டின் கோணம், கியர் கம்பியின் ஓட்டம், புகைக்குழாயின் போக்கு, பானெட் மூடுமா மூடாதா என்ற கேள்வி எல்லாம் அதற்குப் பிறகுதான். அதனால் இன்ஜினுக்குப் பணம் கொடுப்பதற்கு முன்பே மவுண்டிங் முடிவாகியிருக்க வேண்டும். கீழே வரும் பதினைந்தும் இந்த ஒன்றிலிருந்து பிறந்தவைதான்.

1. காரின் தலைமுறையைச் சரியாகத் தெரிந்துகொள்.

சிவிக் என்றால் எல்லாம் ஒரே கார் என்று நினைக்காதே. ஜப்பானில் 1987-இல் வந்தது ஈஎஃப், 1991-இல் வந்தது ஈஜி, 1995-இல் வந்தது ஈகே. வெளித்தோற்றம் மாறியதைப் போலவே மவுண்டிங் ஏறும் இடங்களும் பிராக்கெட்டுகளும் தலைமுறைக்குத் தலைமுறை மாறியிருக்கின்றன. கடையில் போய் "சிவிக் மவுண்டிங் ஒரு செட்" என்று கேட்டால், கடைக்காரர் கையில் இருப்பதைக் கொடுத்துவிடுவார். சேசிஸ் எண்ணை எழுதிக்கொண்டு போ. உன் கார் தொழிற்சாலையிலிருந்து வந்தபோது ஆட்டோவா மேனுவலா என்பதையும் சேர்த்து எழுது. இரண்டுக்கும் எல்லா பிராக்கெட்டும் ஒன்றாக இராது. இந்தக் குறிப்புகளில் நான் ஈஜி ஹேட்ச்பேக்கையே எடுத்துக்காட்டாக வைத்துப் பேசுகிறேன். தொடங்குபவன் கற்றுக்கொள்வதற்கு அதைவிட ஏற்ற கார் எனக்குத் தெரிந்து இல்லை.

2. தொழிற்சாலை போட்ட பாதை இருந்தால் அதிலேயே போ.

ஈஜி ஹேட்ச்பேக்கில் பெரும்பாலும் டி குடும்பத்து ஒற்றை கேம் இன்ஜின்தான் இருக்கும். அதே உடம்பில் ஹோண்டாவே ஈஜி6 எஸ்ஐஆர் என்ற பெயரில் 170 குதிரைத்திறன் கொண்ட பி16ஏ இன்ஜினை வைத்து விற்றது. அதற்கு முந்தைய ஈஎஃப்9, அடுத்து வந்த ஈகே4, 1997-இல் வந்த ஈகே9 டைப் ஆர் ஆகியவற்றிலும் பி குடும்பத்து இன்ஜின்தான். இதன் பொருள் என்ன? அந்த இன்ஜினை அந்த உடம்பில் எங்கே உட்கார வைப்பது என்ற கணக்கை ஹோண்டா பொறியாளர்கள் போட்டு, சோதித்து, பிராக்கெட்டும் செய்து வைத்திருக்கிறார்கள். நீ புதிதாக எதையும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. டி இன்ஜினின் இடது பிராக்கெட்டும் பின்பக்க பிராக்கெட்டும் பி இன்ஜினுக்குப் பொருந்தாது. அவற்றுக்குப் பதிலாக எஸ்ஐஆரிலிருந்தோ அதே காலத்து ஹோண்டா இன்டெக்ராவிலிருந்தோ மேனுவல் கியருக்கு உரியவற்றை எடுத்தால் துளைக்குத் துளை ஒத்துப்போகும். முதல் முறை இன்ஜின் மாற்றுபவன் இந்தப் பாதையை விட்டு விலகாதே.

3. கே இன்ஜின் வேண்டுமென்றால் முழு கிட் வாங்கு, இல்லையென்றால் ஆசையைத் தள்ளிவை.

2001 முதல் வந்த டைப் ஆர் கார்களின் கே20ஏ அருமையான இன்ஜின். ஆனால் பழைய ஹோண்டா இன்ஜின்கள் சுழலும் திசைக்கு அது எதிர்த்திசையில் சுழல்கிறது. பி இன்ஜினில் கியர்பாக்ஸ் காரின் வலப்பக்கம். கே இன்ஜினில் இடப்பக்கம். பி இன்ஜினில் புகை முன்பக்கமாக வெளியேறும். கே இன்ஜினில் பின்பக்கமாக. ஆகவே ஈஜியின் பழைய பிராக்கெட் எதுவும் நேராக உதவாது. ஹாஸ்போர்ட், இன்னோவேட்டிவ் போன்ற அமெரிக்க நிறுவனங்கள் இதற்கென்றே கிட் செய்கின்றன. வாங்கும்போது கே20-க்கா கே24-க்கா என்று கேள். கே20 பிளாக்கின் உயரம் 212 மில்லிமீட்டர், கே24-க்கு 231.5. இரண்டுக்கும் இடையே கிட்டத்தட்ட இரண்டு சென்டிமீட்டர். பானெட்டுக்குக் கீழே அந்த இரண்டு சென்டிமீட்டர் மிகப் பெரியது. அந்த உயரத்தைச் சரிக்கட்ட இன்ஜினைத் தாழ்த்தினால் சம்ப் தரையை நெருங்கும். எந்த கிட் இன்ஜினை எவ்வளவு தாழ்த்துகிறது என்பதைத் தெரிந்துகொண்ட பிறகே பணம் கொடு.

4. இடம் வலம் என்பதை இருக்கையில் உட்கார்ந்து சொல்லிப் பழகு.

இன்ஜின் மாற்றம் பற்றிய குறிப்புகளும் கிட் பட்டியல்களும் பெரும்பாலும் அமெரிக்காவிலிருந்து வருகின்றன. அங்கே ஓட்டுநர் உட்காருவது இடப்பக்கம். "ஓட்டுநர் பக்க மவுண்டிங்" என்று அவர்கள் எழுதினால் அது டைமிங் பெல்ட் பக்கம், அதாவது காரின் இடப்பக்கம். மலேசியாவிலும் இந்தியாவிலும் இலங்கையிலும் நாம் வலப்பக்கம் உட்கார்ந்து ஓட்டுகிறோம். ஸ்டீயரிங் இடம் மாறினாலும் இன்ஜின் இடம் மாறுவதில்லை. பி இன்ஜினின் டைமிங் பெல்ட் ஜப்பானியக் காரிலும் அமெரிக்கக் காரிலும் இடப்பக்கமே இருக்கும். நீ "ஓட்டுநர் பக்கம்" என்று மொழிபெயர்த்துக் கேட்டால் கியர்பாக்ஸ் மவுண்டிங் வந்து சேரும். இருக்கையில் முன்னோக்கி உட்கார்ந்தால் எது இடமோ அதுவே இடம். கடையில் பேசினாலும் சரி, தாளில் எழுதினாலும் சரி, "டைமிங் பெல்ட் பக்கம்", "கியர்பாக்ஸ் பக்கம்" என்று சேர்த்தே சொல்.

5. ஐந்து பிடிகளையும் தனித்தனியாகப் பார்.

ஈஜியில் இன்ஜினையும் கியர்பாக்ஸையும் சேர்த்து ஐந்து இடங்களில் பிடித்திருக்கிறார்கள். டைமிங் பெல்ட் பக்கம் ஒன்று, கியர்பாக்ஸ் பக்கம் ஒன்று: இவை இரண்டும் பாரத்தின் பெரும்பகுதியைத் தூக்குகின்றன. ஃபயர்வால் பக்கம் டி வடிவ பிராக்கெட்டோடு வருவது பின்பக்க மவுண்டிங்; இன்ஜின் முறுக்கிக்கொள்ளும்போது அதிகம் அடிவாங்குவது அதுதான். முன்பக்கம் ரேடியேட்டருக்குக் கீழே உள்ள கிராஸ்மெம்பரில் இரண்டு இருக்கும். இவை இன்ஜின் முன்னும் பின்னும் ஆடாமல் தடுக்கின்றன.

முன்பக்கத்து இரண்டில் ஒன்று ஏசி கம்ப்ரசர் ஏறும் பிராக்கெட்டோடு சேர்ந்தது. எடை குறைக்கிறேன் என்று ஏசியைக் கழற்றி எறிபவர்கள் ஒரு மவுண்டிங்கையும் சேர்த்து எறிந்துவிடுகிறார்கள். நாலு பிடியோடு கார் ஓடத்தான் செய்யும். ஆனால் மீதி நாலும் அந்தப் பாரத்தையும் தாங்கிச் சீக்கிரம் கிழியும். ஐந்து இருக்க வேண்டிய இடத்தில் ஐந்தும் இருக்கட்டும்.

6. தனி இன்ஜினைவிட ஹாஃப்கட் மேல்.

ஜப்பானில் ஓட்டம் முடிந்த கார்களை நடுவில் வெட்டி, முன்பாதியைக் கப்பலில் ஏற்றி அனுப்புகிறார்கள். மலேசியாவில் ஹாஃப்கட் என்று விற்பது அதைத்தான். தனி இன்ஜின் விலை குறைவுதான். ஆனால் பிராக்கெட்டுகளையும் டிரைவ் ஷாஃப்ட்டையும் கியர் கம்பியையும் ஒயரிங்கையும் ஒவ்வொன்றாகத் தேடி அலைந்து வாங்கினால், மொத்தக் கணக்கு ஹாஃப்கட் விலையைத் தாண்டிவிடலாம். இன்னொரு நன்மையும் உண்டு: ஹாஃப்கட்டில் ஹோண்டா எதை எங்கே பூட்டியது என்பது கண்ணெதிரே இருக்கும். பிரிப்பதற்கு முன் ஒவ்வொரு மவுண்டிங்கையும் நாலு பக்கமிருந்தும் படம் எடு. போல்ட்டுகளைத் தனித்தனிப் பைகளில் போட்டுப் பெயர் எழுது. நீளம் மாறிய ஒரு போல்ட் கியர்பாக்ஸ் அலுமினியத்தின் மரையைத் தின்றுவிடும்.

7. கிளட்ச் கேபிளா, ஹைட்ராலிக்கா என்று பார்.

ஈஎஃப் காலத்து கியர்பாக்ஸில் கிளட்ச்சை இழுப்பது கேபிள். ஈஜியிலிருந்து ஹைட்ராலிக். பி இன்ஜினுக்கு இரண்டு வகை கியர்பாக்ஸும் உண்டு. இன்ஜினோடு இரண்டும் பொருந்தும். உடம்போடு பொருந்துவதுதான் வேறு. ஈஜிக்கு ஹைட்ராலிக் வகையை எடுத்தால் வேலை நேராக முடியும். ஈஎஃப் உடம்பில் ஹைட்ராலிக் பெட்டியை ஏற்றுவதற்கும் வழி இருக்கிறது. அதற்கு வேறு பிராக்கெட்டும் கிளட்ச் மாற்றமும் வேண்டும். மவுண்டிங் கிட் விற்பவரிடம் கியர்பாக்ஸ் வகையைச் சொல்லாமல் எதையும் கேட்காதே.

8. போல்ட் துளைகளை எண்ணாமல் வாங்காதே.

டைமிங் பெல்ட் பக்கத்து மவுண்டிங்கை இன்ஜின் பிராக்கெட்டோடு சேர்க்கும் இடத்தில் இரண்டு போல்ட் வகையும் உண்டு, மூன்று போல்ட் வகையும் உண்டு. படத்தில் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். உன் கையிலுள்ள இன்ஜின் பிராக்கெட்டில் எத்தனை துளை என்று எண்ணி, அதற்கேற்ற மவுண்டிங்கைத் தேர்ந்தெடு. மூன்று துளையில் இரண்டை மட்டும் பூட்டிவிட்டு ஓட்டலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதே.

9. மவுண்டிங் தாங்கும் பலம் எவ்வளவு என்று கணக்குப் போட்டுப் பார்.

மவுண்டிங்குக்கு மூன்று வேலை: பாரம் தூக்குவது, முறுக்கத்தைத் தாங்குவது, அதிர்வை உடம்புக்குப் போகாமல் தடுப்பது. முதல் வேலை எளிது. இரண்டாவதின் அளவைத்தான் பலரும் உணர்வதில்லை. குறுக்காக உட்கார்ந்து முன் சக்கரத்தை ஓட்டும் இன்ஜினில், சக்கரத்துக்குப் போகும் முறுக்குவிசை முழுவதும் எதிர்த்திசையில் மவுண்டிங்கின் மேல்தான் விழும்.

பி16ஏ இன்ஜின் ஏறத்தாழ 157 நியூட்டன் மீட்டர் முறுக்குவிசை தரும். அதன் கியர்பாக்ஸில் முதல் கியர் 3.23, இறுதி விகிதம் 4.4. மூன்றையும் பெருக்கினால் ஏறத்தாழ 2,230 நியூட்டன் மீட்டர். டயர் வழுக்கிவிட்டால் அவ்வளவு வராது. டயர் நல்ல பிடிப்போடு இருந்தால் அதை நெருங்கும். முன்பக்கப் பிடிக்கும் பின்பக்கப் பிடிக்கும் நடுவே 60 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொண்டால், ஒவ்வொரு பக்கமும் ஏறத்தாழ 380 கிலோ எடைக்குச் சமமான விசையைத் தாங்க வேண்டும். அதுவும் மெதுவாக ஏறும் பாரமாக இராது. கிளட்ச்சை விட்ட நொடியில் அடியாக விழும். முன்னோக்கிக் கிளம்பும்போது இன்ஜினின் தலை பின்பக்கம் சாயும், முன்பக்கம் மேலே எழும்பும். ரிவர்ஸில் இதற்கு நேரெதிர். பின்பக்க ரப்பர் ஏன் முதலில் கிழிகிறது, கிழிந்தால் கியர் மாற்றும்போது ஏன் தடுமாறுகிறது என்பதெல்லாம் இந்தக் கணக்கில் இருக்கிறது.

10. கடினம் கூடினால் நடுக்கம் கூடும். அது ஏன் என்று தெரிந்துகொண்டு தேர்ந்தெடு.

ரப்பரின் கடினத்தை ஷோர் ஏ என்ற அளவில் குறிப்பார்கள். எண் கூடக்கூடக் கடினம் கூடும். காருக்கென்று ஹோண்டா கொடுத்த ரப்பர் மவுண்டிங் மென்மையானது. உள்ளே வெற்றிடமும் விட்டிருப்பார்கள். விற்பனைக்கு வரும் பாலியூரிதேன் மவுண்டிங்குகள் ஏறத்தாழ 60-இல் தொடங்கி 95 வரை போகின்றன. அதற்கும் மேலே போனால் ரப்பரே இல்லாத முழு உலோகம்.

நாலு சிலிண்டர் இன்ஜின் ஒரு சுற்றில் இரண்டு முறை எரியும். ஐடிலில் நிமிடத்துக்கு 750 சுற்று என்றால் நொடிக்கு 12.5 சுற்று, 25 எரிப்பு. ரப்பரின் மேல் உட்கார்ந்த இன்ஜினுக்கும் தனக்கென்று ஓர் ஆட்ட வேகம் உண்டு. இன்ஜின் அதிர்வின் வேகம் அந்த ஆட்ட வேகத்தைப் போல 1.4 மடங்குக்கு மேல் இருந்தால்தான் மவுண்டிங் அதிர்வைத் தடுக்கத் தொடங்கும். ஐடிலின் 25-ஐ 1.4-ஆல் வகுத்தால் 18-ஐ ஒட்டி வரும். மவுண்டிங்கின் ஆட்ட வேகம் அதற்கு நன்றாகக் கீழே இருந்தால் கார் அமைதியாக நிற்கும். விறைப்பை இரட்டிப்பாக்கினால் ஆட்ட வேகம் 1.4 மடங்கு ஏறும். நொடிக்கு 12 ஆக இருந்தது 17-க்குப் போய்விடும். எல்லைக்கோட்டில் வந்து நிற்கும். அப்புறம் டேஷ்போர்டு நடுங்கும், கண்ணாடியில் பின்னால் வரும் வண்டி மங்கும், ஏசி போட்டு ஐடில் இறங்கினால் இன்னும் மோசமாகும். ஐடிலை 900-க்கு உயர்த்தினால் அதிர்வு நொடிக்கு 30 ஆகி, கொஞ்சம் நிம்மதி கிடைக்கும். பாலியூரிதேன் போட்ட பல கார்களில் ஐடிலை ஏற்றி வைப்பதற்குக் காரணம் இதுதான்.

11. நீ உண்மையில் எப்படி ஓட்டுகிறாய் என்பதைப் பார்த்து முடிவெடு.

தினமும் வேலைக்குப் போய் வரும் கார், மலேசியாவின் ஃபெடரல் நெடுஞ்சாலை நெரிசலில் நின்று நின்று நகரும் கார் என்றால், ஹோண்டாவின் புதிய ரப்பர் மவுண்டிங்கே போதும். ஓடித் தேய்ந்த பழைய ரப்பரிலிருந்து புதியதுக்கு மாறினாலே காரின் பிடிமானம் வேறாகத் தெரியும். தினமும் ஓட்டிக்கொண்டு, எப்போதாவது செப்பாங் பந்தயப் பாதைக்கும் போகிறவன் 60, 70 அளவில் உள்ள பாலியூரிதேனை எடுக்கலாம். பந்தயப் பாதைக்கென்றே ஒதுக்கிய கார் என்றால் அதற்கு மேலே போகலாம். முழு உலோக மவுண்டிங் பந்தயக் காருக்கு மட்டும். அதைத் தெருவில் ஓட்டும் காரில் போட்டால், ரப்பர் விழுங்க வேண்டிய அடியைப் பிராக்கெட்டும், கியர்பாக்ஸ் காதும், உடம்பின் வெல்டிங்கும் வாங்கிக்கொள்ளும். அவற்றில் எது முதலில் விரிசல் விடும் என்பதுதான் கேள்வி.

நண்பன் காரில் பத்து நிமிடம் உட்கார்ந்து பார்க்காமல் கடின மவுண்டிங் வாங்காதே. சிவப்பு விளக்கில் ஏசி போட்டு நிற்கும்போது அந்தக் கார் எப்படி இருக்கிறது என்று உணர்ந்து பார். உன் வீட்டில் அம்மாவோ அப்பாவோ அந்த இருக்கையில் உட்காரப் போகிறார்கள் என்றால், அவர்களை நினைத்தும் முடிவெடு.

12. கடினத்தைக் கலக்காதே; ரப்பரில் மிச்சம் பிடிக்காதே.

ஒரு மவுண்டிங் மட்டும் 85, மற்ற நாலும் பழைய மென்மையான ரப்பர் என்று வைத்தால், நாலும் விட்டுக்கொடுக்கும். கடினமான ஒன்று மொத்த அடியையும் வாங்கும். அது பூட்டியிருக்கும் பிராக்கெட் முதலில் போகும். செட்டாக மாற்று, ஒரே அளவில் மாற்று. கிட் செய்த நிறுவனமே ஓரிடத்துக்கு வேறு அளவைக் கணக்குப் போட்டுக் கொடுத்திருந்தால் அது வேறு.

பிராக்கெட் இரும்பு, விரிசலும் வளைவும் இல்லையென்றால் பழையதை வாங்கலாம். ரப்பரை மட்டும் பழையதாக வாங்காதே. கார் ஓடாமல் கிடந்தாலும் ரப்பர் வயதாகும். சூட்டிலும் எண்ணெயிலும் கரையும், வெடிக்கும். உள்ளே திரவம் நிரப்பிய மவுண்டிங் என்றால், வெளியே கறுத்த ஈரம் தெரிந்தாலே அதன் ஆயுள் முடிந்தது. புதியதிலும் மிக மலிவான நகல்கள் உண்டு. அவற்றில் ரப்பர் இரும்பை விட்டுப் பிரிந்து வரும். இன்ஜினில் எண்ணெய்க் கசிவு இருந்தால் அதை முதலில் அடை. புது மவுண்டிங்கின் மேல் பழைய எண்ணெய் சொட்டினால் அடுத்த வருடமும் இதே வேலைதான்.

13. உடம்பையும் போல்ட்டையும் நம்புவதற்கு முன் சோதி.

இந்தக் கார்களுக்கு இப்போது முப்பது வயதைத் தாண்டிவிட்டது. இன்ஜின் வெளியே வந்ததும் மவுண்டிங் ஏறும் இடங்களைக் கழுவி, கம்பி பிரஷ் போட்டுத் தேய்த்து, விளக்கு அடித்துப் பார். துருவில் தகடு மெலிந்திருக்கிறதா, முன் விபத்தில் வளைந்து நிமிர்த்தப்பட்டிருக்கிறதா, உள்ளே வெல்டிங் செய்த நட்டின் மரை கெட்டிருக்கிறதா என்று ஒவ்வொன்றாகப் பார்த்துச் சரிசெய். ஹோண்டாவின் 10, 12 மில்லிமீட்டர் போல்ட்டுகளில் மரை இடைவெளி 1.25. சாதாரணக் கடைகளில் எளிதில் கிடைக்கும் போல்ட்டுக்கு 10-இல் 1.5, 12-இல் 1.75. ஒரு சுற்று இரண்டு சுற்று ஏறுவதைப் பார்த்து ஏமாந்து ஸ்பேனரை அழுத்தினால் மரை அறுந்துபோகும். தலையில் பலக் குறியீடு இல்லாத போல்ட்டை மவுண்டிங்கில் போடவே கூடாது.

துளை கொஞ்சம் தள்ளியிருக்கிறது என்றால் துளையை அறுத்துப் பெரிதாக்காதே, பிராக்கெட்டைச் சுத்தியால் அடித்து வளைக்காதே. துளை ஒத்துவரவில்லை என்றால் பெரும்பாலும் எங்கோ தவறான பிராக்கெட் இருக்கிறது. நிறுத்து, எடு, எண்ணைப் பார்.

14. எல்லாவற்றையும் தளர்வாகப் பூட்டி, இன்ஜினை உட்கார வைத்து, பிறகு முறுக்கு.

அவசரக்காரன் முதலில் கிடைத்த போல்ட்டை முழுப் பலத்தோடு முறுக்கிவிடுவான். அந்த மவுண்டிங் கோணலாக நிலைத்துவிடும். மற்றவற்றை இழுத்து இழுத்துப் பூட்டுவான். ரப்பர் திருகிய நிலையிலேயே வாழ்நாள் முழுவதும் கிடக்கும். புது மவுண்டிங் போட்டும் கார் நடுங்குகிறது என்று வருபவர்களில் பலருடைய கோளாறு இதுதான்.

முறை இது. ஐந்து இடத்திலும் எல்லா போல்ட்டையும் கையால் ஏற்று. கிரேனை மெதுவாக இறக்கி, இன்ஜினின் முழு எடையும் மவுண்டிங்கில் உட்காரட்டும். இன்ஜினைப் பிடித்து முன்னும் பின்னும் இரண்டு மூன்று முறை ஆட்டு. அது தன் இடத்தைத் தானே கண்டுபிடிக்கும். அதன் பிறகு ஹோண்டாவின் பழுதுபார்ப்பு நூலில் உள்ள வரிசைப்படி, அதில் உள்ள அளவுக்கு, டார்க் ரெஞ்ச் வைத்து முறுக்கு. அந்த வரிசை அதிர்வும் சத்தமும் வராமல் இருப்பதற்காகவே எழுதப்பட்டது. கிட் என்றால் அதனோடு வரும் தாளைப் பின்பற்று.

முறுக்கியதும் சுற்றி வந்து பார். டிரைவ் ஷாஃப்ட் இரண்டும் இழுபடாமல், நெருக்குண்டு போகாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். கியர் ஒவ்வொன்றும் தடையில்லாமல் விழ வேண்டும். புகைக்குழாயில் நெளியும் துண்டு ஒன்று இருக்க வேண்டும். இல்லையென்றால் இன்ஜின் ஆட்டம் முழுவதும் குழாயின் வெல்டிங்கில் போய் முடியும். ரப்பர் மின்சாரத்தைக் கடத்தாது. ஆகவே இன்ஜினிலிருந்தும் கியர்பாக்ஸிலிருந்தும் உடம்புக்குப் போகும் எர்த் கேபிள்களைச் சுத்தம் செய்து மறக்காமல் பூட்டு. பானெட்டை மெதுவாக மூடிப் பார். தலைக்கும் பானெட்டுக்கும் நடுவே இன்ஜின் ஆடுவதற்கு இடம் இருக்க வேண்டும்.

15. முதல் ஓட்டத்துக்குப் பிறகு திரும்பி வந்து பார். எல்லாவற்றையும் எழுதி வை.

சோதிக்கும்போது ஒரு விதி: காரின் முன்னால் யாரும் நிற்கக் கூடாது. கைப்பிரேக்கைப் போட்டு, சக்கரத்துக்குக் கட்டை வைத்து, பிரேக்கை மிதித்துக்கொண்டு முதல் கியரில் கிளட்ச்சைக் கொஞ்சம் கொஞ்சமாக விடு. பக்கவாட்டில் நிற்பவர் இன்ஜின் எவ்வளவு சாய்கிறது என்று பார்க்கட்டும். பிறகு ரிவர்ஸிலும் இப்படியே. இரண்டு திசையிலும் அளவாகச் சாய்ந்து, விட்டதும் பழைய இடத்துக்கு வந்தால் சரி. 'டொக்' என்று இரும்பில் இரும்பு மோதும் சத்தம் வந்தால் காரைத் தெருவுக்குக் கொண்டுபோகாதே.

புது ரப்பர் முதல் சில நூறு கிலோமீட்டரில் கொஞ்சம் அமரும். அப்போது எல்லா போல்ட்டையும் டார்க் ரெஞ்ச் வைத்து மறுபடி பார். பார்த்த போல்ட்டில் பெயிண்ட்டால் ஒரு கோடு போட்டு வை. அடுத்த முறை கோடு விலகியிருந்தால் போல்ட் தளர்ந்தது கண்ணிலேயே தெரியும்.

இன்ஜின் எண் மாறியதால் காரின் பதிவும் மாற வேண்டும். மலேசியாவில் என்றால் சாலைப் போக்குவரத்துத் துறையின் (ஜேபிஜே) அனுமதியும் ஆய்வும் வேண்டும். மற்ற நாட்டில் அந்தந்த நாட்டுப் போக்குவரத்துத் துறை. இன்ஜின் வாங்கிய ரசீதையும் சுங்கத் தாள்களையும் பத்திரமாக வை. பதிவில் இல்லாத இன்ஜினோடு விபத்து நடந்தால் காப்பீட்டு நிறுவனம் கைவிரிக்க வாய்ப்புண்டு.

கடைசியாக, எந்த மவுண்டிங், எந்தக் கடினம், எந்தக் காரின் பிராக்கெட், எத்தனை போல்ட், எந்த அளவு முறுக்கு என்று ஒரு தாளில் எழுதி, காரின் கிளவ் பாக்ஸில் வை. நாளை இந்தக் காரை வேறொருவர் வாங்கலாம், வேறொரு ஃபோர்மன் திறந்து பார்க்கலாம். அவருக்கு அந்தத் தாள் கிடைத்தால் தவறான பாகம் வாங்க மாட்டார், பிராக்கெட்டை அறுக்க மாட்டார். இந்தக் கார்கள் இனிமேல் புதிதாக வரப்போவதில்லை. இருப்பவை நீடிக்க வேண்டுமென்றால், வேலையை நன்றாகச் செய்வதோடு, என்ன செய்தோம் என்பதையும் அடுத்தவருக்குச் சொல்லிவிட்டுப் போக வேண்டும்.